கிழக்கே காலி மனை

பிப்ரவரி 26, புதன்

மித்ராவுக்குக் கழுத்தடியில் மறுபடி வேர்க்குரு. மாசியே முடியவில்லை, அதற்குள். மத்தியானம் படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுடுகிறது. கூடத்தில் பாய் போட்டு, ஜன்னலில் ஈரத்துண்டைத் தொங்கவிட்டு, விசிறி விசிறி ஒருவழியாகத் தூங்க வைத்தேன்.

சாயங்காலம் எதிர்வீட்டு ரேஷ்மா வந்தாள். பூந்தமல்லியில் நர்ஸ். பகலெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவள், முகம் மட்டும் இப்போதுதான் குளித்த மாதிரி. அது எப்படி?

"எக்கா, எங்க வீட்டுக்கு வேல்யூவேஷன் போட்டாச்சு. அறுபத்தெட்டு லட்சமாம்! ஜஸ்டின் நம்பவே இல்ல."

அவள் கணவர் ஜஸ்டினின் தம்பி வெளிநாட்டில் படிக்கப் போகிறானாம். ஜாமீனுக்கு இவர்கள் சொத்து மதிப்பைக் காட்ட வேண்டுமாம். வந்தவர் டேப்பைக்கூட எடுக்கவில்லை, சோபாவில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு எழுதிக் கொடுத்தாராம். "சீலிங் எல்லாம் சூப்பரா இருக்குன்னு சொன்னாரு."

"அப்படியா, சந்தோஷம்மா" என்றேன். கதவைச் சாத்திவிட்டு அரிசியை ஐந்தாறு தடவை கழுவினேன்.

ஒரே பில்டர், ஒரே படிக்கட்டு, ஒரே உப்புத் தண்ணீர். மாடி ஏறினால் எதிரெதிரே இரண்டு கதவு. எங்கள் வாசல் கிழக்கு பார்த்தது, அவளுடையது மேற்கு பார்த்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசல் கிழக்கே பார்த்தால் வீடு மேற்கில் அல்லவா கிடக்கிறது? சாயங்கால வெயில் முழுக்க எங்கள் முதுகில். அவளுக்கு அந்தப் பக்கம் காலி மனை, காலை வெளிச்சம், நாலு மணிக்கு மேல் கடல்காற்று. பாரிவாக்கத்துக்குக் கடல்காற்று வரும் என்பதே அவள் வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

பரத் வந்ததும் சொன்னேன். "நமக்கும் போடுவாங்க எழில். லோனை வேற பேங்க்குக்கு மாத்தறோம்ல? வட்டியும் குறையும், கொஞ்சம் கூடப் பணமும் கிடைக்கும். பெட்ரூமுக்கு ஏசி வாங்கிடலாம். ஆள் அவங்களே அனுப்புவாங்க."

சரி. வரட்டும்.

பிப்ரவரி 28, வெள்ளி

மாங்காடு கோவிலுக்குப் போய் வந்தேன். அம்மனிடம் என்ன கேட்டேன் என்று எழுதக் கூடாது. எழுபது கேட்டேன்.

மார்ச் 8, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

வேல்யூவர் வருகிறார் என்று குமணன்சாவடியில் புதுத் திரைச்சீலை வாங்கி மாட்டியிருந்தேன். சமையல் மேடையில் இருந்ததையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளினேன். வந்தவர் பெயர் ரவிச்சந்திரன். ஐம்பது வயதிருக்கும், சிவில் இன்ஜினியர். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். திரைச்சீலை பக்கம் திரும்பவே இல்லை. கையில் ஒரு சின்னக் கருவி. சுவரில் சிவப்புப் புள்ளி அடித்தால் நீளம் காட்டுகிறது. மித்ரா அந்தப் புள்ளியைப் பிடிக்க வீடு முழுக்க ஓடினாள்.

அளந்தார். பத்திர நகலைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"முப்பத்தெட்டு சதுர அடி குறையுதே மேடம்."

பில்டர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். அவர் வெளியே போய் மாடிப்படியருகே நின்று போனில் திசைகாட்டியைத் திறந்தார். கார்ப்பரேஷன்காரர்கள் சாக்கடை தேடுகிற மாதிரி இப்படியும் அப்படியும் திரும்பினார். பிறகு பரத்தைக் கூப்பிட்டார்.

"சார், உங்க பத்திரத்துல எல்லை எழுதியிருக்கு பாருங்க. கிழக்கே காலி மனை. மேற்கே மாடிப்படி. இந்த வீட்டுக்கு மேற்கே தெரு, கிழக்கேதான் மாடிப்படி. எல்லாம் தலைகீழா இருக்கு. நீங்க வாங்கின வீடு இது இல்ல."

"அப்ப எங்க வீடு எது?"

பேனாவை நீட்டினார். எதிர்க்கதவு. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இன்னும் கழற்றாமல் தொங்கவிட்டிருக்கிற ரேஷ்மாவின் கதவு.

மூன்று வருஷமாக யாருக்கும் தெரியாமலா என்று பரத் கேட்டதற்கு, "லோன் போட்டப்ப வந்தவர் வெறும் தூணைத்தான் பார்த்திருப்பார். கதவே வெச்சிருக்க மாட்டாங்க. அப்புறம் யாரும் சரிபார்க்கல. மதிப்புன்னா எவ்வளவுன்னு மட்டும் எல்லாரும் கேக்கறாங்க சார். எது உங்களுதுன்னு பார்த்த பிறகுதானே எவ்வளவு?" என்றார். இதைச் சரிசெய்யாமல் வங்கிக்கு அறிக்கை கொடுக்க முடியாதாம். எலுமிச்சை ஜூஸை மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பரத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். எனக்கு முதலில் வந்தது பயமில்லை. சந்தோஷம். அந்தக் காற்று, அந்த வெளிச்சம், அந்த அகலமான பால்கனி எல்லாம் என்னுடையது. காகிதத்திலேயே என்னுடையது.

மார்ச் 9, ஞாயிறு

எப்படி நடந்தது என்று நினைவு வந்துவிட்டது. பரத்துக்கும்.

பத்திரம் முடிந்த பிறகு, கிரகப்பிரவேசத்துக்கு முன்னால், மாமியாரை வீடு காட்ட அழைத்து வந்தோம். படியேறினவர் அங்கேயே நின்றுவிட்டார். "மேற்கு பார்த்த வாசலா? எம்புள்ள ராசிக்கு இது ஆகவே ஆகாது." பில்டர் கோவிந்தராஜ் சிரித்தார். "இதுக்கு இன்னாம்மா இவ்ளோ விசனம்? எதிர் ஊடு இன்னும் விக்கல. மாத்திட்டா போச்சு!" காரிலிருந்து ஸ்க்ரூடிரைவர் எடுத்துவந்து, இரண்டு கதவிலும் இருந்த பித்தளை எண்களைக் கழற்றி மாற்றி மாட்டினார். இதிலிருந்து அது, அதிலிருந்து இது. மாமியாருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. காகிதத்தையும் மாற்றியிருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். நினைத்தோமா? கேட்கவே இல்லை.

ஜஸ்டின் அதற்குப் பிறகு வந்து வாங்கினார். அவர் பத்திரத்தில் உள்ள எண் எந்தக் கதவில் இருந்ததோ அந்தக் கதவைத் திறந்து காட்டியிருப்பார்கள்.

ஆக, நான் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த வீடு நாங்கள் வேண்டாம் என்று தள்ளிய வீடு.

மார்ச் 12, புதன்

பரத் கோவிந்தராஜுக்கு போன் போட்டான். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "இன்னா தம்பி, மூணு வருசமா நல்லாத்தானே குந்திகினு கீறீங்க? இப்ப இன்னாத்துக்கு நோண்டிகினு? உங்கம்மா கேட்டாங்க, மாத்திக் குட்த்தேன். நான் இன்னா தப்பு பண்ணேன்?"

மாமியாரிடமும் சொன்னோம். "மேற்கு பார்த்த வாசலுக்குப் போனா நான் அந்த வீட்டுல கால் வைக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

இதை ஒரு குறையாக நினைக்க எவ்வளவோ முயன்று பார்த்தேன். முடியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டோம். சொல்லியிருக்க வேண்டாம் அந்த விதத்தில்.

ரேஷ்மா வீட்டுக் கூடத்தில் நாலு பேரும். பரத் பத்திரத்தை விரித்து, எண் மாறிய கதையை மென்று முழுங்கிச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் காற்றில் பறக்கிற அவள் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பையன் ஜோயலுக்கு முதுகில் ஒரு பொட்டு வேர்க்குரு இல்லை, மித்ரா வயசுதான். அதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"எங்களுக்குப் பத்திரத்துல உள்ள வீடு போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

ஜஸ்டின் நிமிர்ந்தார். "அப்ப நாங்க போட்ட சீலிங், கிச்சன்?"

"அதுக்குண்டானதைப் பேசிக்கலாம்."

ரேஷ்மா என் பக்கம் திரும்பினாள். "எண்ணை மாத்தச் சொன்னது யாருக்கா? உங்க அத்தைதானே? வாசல் சரியில்லன்னு நீங்க தள்ளிவிட்ட வீடு. நாங்க வந்து வெளக்கேத்தி, துடைச்சு, குடியிருந்த பொறவு நல்லாருக்குன்னு தோணுதோ?"

"காகிதம் யார் பேர்ல இருக்கு?"

"ஓ. காகிதம்." எழுந்து உள்ளே போய்விட்டாள். போகிறபோது, "காத்துக்கும் பத்திரம் இருக்கான்னு பாருங்க எக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். கோபத்தில்தான். நான் என்ன திருடவா போனேன்? என் குழந்தைக்காகக் கேட்டேன். குழந்தைக்காகத்தான்.

மார்ச் 23, ஞாயிறு

இரண்டு கதவும் சாத்தியே கிடக்கின்றன. மித்ரா போய் எதிர்க்கதவைத் தட்டி "ஜோ! ஜோ!" என்கிறாள். உள்ளே கார்ட்டூன் சத்தம் சட்டென்று குறைகிறது. திறக்கவில்லை.

லோன் மாற்றத்தை வங்கி நிறுத்தி வைத்துவிட்டது. ஏசியும் அதோடு நின்றது. ஜஸ்டின் வாங்கிய சான்றிதழும் செல்லாதாம். எங்கள் வீட்டை அவர்கள் வீடு என்று எழுதினதல்லவா அது. இரண்டு தரப்பும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் வழி.

பரத் கேட்டான்: "உனக்கு வீடு வேணுமா எழில், இல்ல அவ வீடு வேணுமா?"

பாத்திரம் கழுவப் போனேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

படிக்கட்டில் இறங்கும்போது மேலே பார்த்தேன். பால்கனியில் அவள் புடவை காய்கிறது. என் பால்கனியில் அவள் புடவை.

அந்த வீட்டில் மித்ராவின் கட்டிலை எங்கே போடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன். கிழக்கு ஜன்னலுக்குக் கீழே. அவள் நீலத் திரையைக் கழற்றிவிட்டு மஞ்சள். அலமாரி வாசலுக்கு இடதுபக்கம். பைத்தியம் பிடித்துவிட்டதா எனக்கு? கண்ணை மூடினால் அவள் வீட்டில் நடக்கிறேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வேம்புலியம்மாள் படிக்கட்டைக் கழுவ வந்தார். இந்தத் தெரு வயலாக இருந்தபோது இங்கேயே நாற்று நட்டவர். இப்போது எட்டு அபார்ட்மென்ட்டுக்குப் படி துடைக்கிறார். எங்கள் விவகாரம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"இன்னாம்மே, ஊடு மாறிக் குந்திகினு கீறீங்களாமே? ராவுல தூக்கக் கலக்கத்துல புருசன் மாறாம இருந்தா சரி."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த எதிர் ஊட்டுக்கா அட்ச்சிக்கிறே? அந்தாண்ட மனை வித்துப்பூட்ச்சு தெரியுமா? நாலு மாடி கட்டப்போறானாம். என் ஊட்டுக்காரரத்தான் வாச்மேனுக்குக் கூப்ட்டுகிறாங்க. சுவத்துக்கும் சுவத்துக்கும் நடுவால பூனைதான் போவும். காத்தாவது ஒண்ணாவது!"

"எப்போ?"

"வைகாசி பொறந்தா தோண்டுவாங்க. நர்ஸம்மாகிட்ட சொல்லலாம்னு பாத்தேன். அதுங்க ஈஸ்டருக்கு ஊருக்குப் போற ஜோர்ல கீதுங்க."

"நீங்க விடுங்க. நானே சொல்லிக்கறேன்" என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

காலையில் பரத்திடம், "அவங்களே இருந்துக்கட்டும். நாம இங்கயே இருப்போம். எழுதிக் கொடுத்துடலாம்" என்றேன். டீ டம்ளரோடு என்னையே பார்த்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

மனை விற்றதை அவனிடமும் சொல்லவில்லை. ஏன்? சொன்னால் அவன் நேரே போய் ஜஸ்டினிடம் சொல்லிவிடுவான். அவன் அப்படித்தான்.

சாயங்காலம் எதிர்க்கதவைத் தட்டினேன். எழுதிக் கொடுக்கிற விஷயத்தைச் சொன்னதும் ரேஷ்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எனக்குத் தெரியும் எக்கா உங்க மனசு. அன்னைக்கு நான்தான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்." அவள் தோளுக்கு மேல் திறந்த பால்கனி தெரிந்தது. காலி மனையில் இரண்டு எருமை மேய்ந்துகொண்டிருந்தன.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் அழுகிற நேரத்தில் எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டேன்.

வக்கீல் வழி சொன்னார். பரிவர்த்தனைப் பத்திரம். அவரவர் பெயரில் உள்ள வீட்டை ஒருவருக்கொருவர் மாற்றி எழுதிக்கொள்வது. இரண்டு வீட்டையும் ஒரே ஆள் மதிப்புப் போட வேண்டும். எந்த வீடு அதிகமோ அதை எடுத்துக்கொள்கிறவர் வித்தியாசத்தைக் கொடுக்க வேண்டும்.

அதிகமான வீடு ரேஷ்மா குடியிருக்கிற வீடு.

ஏப்ரல் 25, வெள்ளி

ரவிச்சந்திரன் மறுபடி வந்தார். ரேஷ்மாவுக்கு டியூட்டி. காலையிலேயே வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். "நீங்களே காட்டிருங்க எக்கா, நான் வேற என்னத்துக்கு?"

அவள் இல்லாத அவள் வீட்டில் நான். ஒரு மாதம் முன்பு இதற்குத்தானே ஏங்கினேன்.

அவர் எல்லா அறையையும் அளந்தார். பால்கனியில் நின்று குனிந்து பார்த்தார். "நல்ல வெளிச்சம், காத்து. இந்தப் பக்கத்துக்கு இதுதான் மதிப்பே" என்றார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டே, "இந்த மனை சும்மாத்தானே கிடக்கு? விலை ஏதாவது போயிருக்கா, கட்டப்போறாங்களா, உங்க காதுக்கு எதாவது வந்துதா மேடம்?"

"தெரியலையே சார்."

கேட்டதும் வந்துவிட்டது. யோசிக்கக்கூட இல்லை.

அவர் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். கிழக்கே காலி மனை. வெளிச்சம், காற்றோட்டம் நன்று.

கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். சாயங்காலம் கொடுத்தபோது ரேஷ்மா ஒரு டப்பா ஈஸ்டர் கேக் தந்தாள். மித்ரா இரண்டு துண்டு சாப்பிட்டாள். நான் தொடவில்லை.

மே 15, வியாழன்

பூந்தமல்லி பத்திரப்பதிவு அலுவலகம். காலையில் போய் மத்தியானம் வரை. ஜஸ்டின் எல்லோருக்கும் மோர் வாங்கி வந்தார். எங்கள் பழைய வங்கியில் சம்மதம் வாங்கப் பரத் பட்ட பாடு தனிக்கதை. முடிந்தது. ரேகை வைத்து, போட்டோ எடுத்து, அவரவர் வாழ்கிற வீடு அவரவருக்கு.

வித்தியாசம் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கேயே பரத் கணக்குக்கு அனுப்பினார்கள். ரேஷ்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்லக்கா, காத்துக்குக் கொடுத்ததா நெனச்சுக்கிடுதேன்" என்றாள்.

பரத் அந்தப் பணத்திலேயே ஏசிக்குச் சொல்லிவிட்டான்.

மே 21, புதன்

ஏசி வந்துவிட்டது. மித்ரா தூங்குகிறாள். எனக்குக் குளிர்கிறது.

ஜூன் 9, திங்கள்

காலை ஏழு மணிக்கு ஜேசிபி. காலி மனையில் நின்ற மூன்று மாமரமும் ஒரே காலையில் போய்விட்டன.

ரேஷ்மா பால்கனியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். சத்தம் போதுமானதாக இருந்தது.

மத்தியானம் வேம்புலியம்மாள் படியில் என்னைப் பார்த்தார். "நீ சொல்லிட்டதான?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். சொல்லிவிட்டேன் என்று நினைத்துப் போனாரா, சொல்லவில்லை என்று தெரிந்து போனாரா?

ஜூலை 27, ஞாயிறு

ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. எங்கள் ஜன்னல் எல்லாம் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. பரத் ஏசியை நிறுத்திவிட்டான்.

ரேஷ்மா ஜோயலைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் சிமெண்ட் தூசி, ஜன்னலைத் திறக்க முடியவில்லையாம். பையனுக்கு இரண்டு நாளாக இருமல். காற்றில் கண்ணை மூடிக்கொண்டு, "கொடுத்து வெச்சவங்க எக்கா நீங்க" என்றாள்.

மூன்று வருஷமாக இந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தேன். கேட்டதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். டீ போடப் போன மாதிரி.

ஜோயல் பாயில் தூங்கினான். கழுத்தடியில் சிவப்பு சிவப்பாகப் பொரிந்திருந்தது. மித்ராவுக்கு வாங்கிய பவுடர் இருந்தது. போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சுவர் எங்கள் மாடி உயரத்துக்கு வந்துவிட்டது. ரேஷ்மாவின் கூடத்தில் பகலிலேயே விளக்கு எரிகிறது. பால்கனியில் நின்று கை நீட்டினால் செங்கல்லைத் தொடலாம் போல. நீலத் திரைச்சீலை அசையாமல் தொங்குகிறது.

எனக்கு இப்போது பொறாமைப்பட அந்தப் பக்கம் எதுவும் இல்லை. இருந்தும் தினமும் காலையில் எழுந்ததும் அந்தப் பக்கம்தான் பார்க்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

ரேஷ்மா படியில் நிறுத்தினாள். ஜஸ்டினின் தம்பிக்குப் புதுச் சான்றிதழ் வேண்டுமாம். வேறு ஆளிடம் போக மனசில்லை.

"உங்களுக்கு வந்தாரே, அந்த ரவிச்சந்திரன் சார், அவரு நம்பர் அனுப்புங்க எக்கா. அவருதான் ஒழுங்காப் பாக்குறாரு. சுவர் வந்த பொறவு எவ்வளவு கொறைஞ்சிருக்குன்னும் தெரிஞ்சுக்கிடலாம். அவருகிட்ட அப்பவே கேட்டிருக்கலாம், மனை வித்துட்டாங்களான்னு."

"சரி, அனுப்பறேன்" என்றேன்.

அவர் கேட்டார். அவர் என்னிடம்தான் கேட்டார். அந்தப் பால்கனியில் வந்து நின்று செங்கல்லைப் பார்த்ததும் அவர் வாயில் வரப்போகிற முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

நம்பர் அழிந்துவிட்டது என்று சொல்லலாம். போன் மாற்றினேன் என்று சொல்லலாம். அவர் ஊரில் இல்லை என்று.

பரத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மித்ராவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான்.

அனுப்பிவிட்டேன். பெயர், எண், இரண்டும். நீலக் குறி விழுந்துவிட்டது. அவள் ஒரு கும்பிடு அனுப்பியிருக்கிறாள்.

வாசல் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.